நாலரை மணி லாஞ்ச்

அம்மா மூதூரில் பன்னிரண்டு வருடம் படிப்பித்தவர். மூதூர் போகும் தரைவழியில் உள்ள கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்தான். அதற்கு முந்திய காலம் அது. காலையில் திருகோணமலை ஜெட்டியில் லாஞ்ச் ஏறி கொட்டியாரக் குடாவைக் கடந்து போவார், பின்னேரம் அதே வழியில் திரும்புவார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படலையடியில் நின்றார். "பிள்ளை, லாஞ்ச் போகப்போகுது. நான் வீட்டை போகவேணும்." உவர்மலையில் உள்ள எங்கள் சொந்த வீட்டுப் படலை அது.

அறளை பெயர்ந்திட்டுது என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் வயசுதான் காரணம் என்று சில மாதம் சும்மா இருந்துவிட்டேன். அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. தைரொயிட் குறைந்தாலும் விற்றமின் பி12 குறைந்தாலும் மறதி வரும், அவற்றைச் சரிப்படுத்தலாம் என்று டொக்டர் முதலில் இரத்தம் சோதித்தார். இரண்டும் சரியாக இருந்தன. பிறகுதான் அல்சைமர் என்ற மறதிநோய் என்றார். புதிதாக நடப்பது மனதில் பதியாது, பழையது கனகாலம் நிற்கும். அதனால்தான் காலையில் சாப்பிட்ட புட்டு மறந்து போகிறது, லாஞ்ச் மறக்கவில்லை.

"குழப்பம் எத்தனை மணிக்கு வருகிறது?" என்று டொக்டர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுது, எழுத்துப்பிழை விடாதை" என்றார். நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, அவர் சொன்ன வார்த்தை, நித்திரை, சலம் போனது, எல்லாம் எழுதினேன்.

இரண்டு கிழமையில் தெளிவாகத் தெரிந்தது. சண்டைகள் பெரும்பாலும் நாலரைக்கும் ஆறரைக்கும் இடையில், வெளிச்சம் மங்கும் நேரத்தில். இப்போது ஐந்து மணிக்கு முன்பே எல்லா லைட்டும் போட்டுவிடுவேன். குளிப்பாட்டுவதைக் காலைக்கு மாற்றினேன். இன்னொன்றும் கொப்பிதான் காட்டித் தந்தது: "இப்ப பாலம் இருக்கம்மா, லாஞ்ச் தேவையில்லை" என்று நான் திருத்திய நாட்களில் கோபம் ஒரு மணித்தியாலம் நின்றது. "இண்டைக்குக் கடல் எப்படி?" என்று கேட்ட நாட்களில் பத்து நிமிடத்தில் அடங்கியது.

போன மாரியில் மூன்றே நாளில் ஆள் மாறிவிட்டார். அறைக்குள் யாரோ நிற்கிறார்கள் என்றார், என்னையும் தெரியவில்லை. வருத்தம் முற்றிவிட்டது என்றார்கள். கொப்பியைப் புரட்டினால், இரவில் எட்டுத் தடவை சலத்துக்கு எழும்பியிருக்கிறார். சோதித்தால் சலத்தில் கிருமி. மருந்து கொடுக்க ஒரு கிழமையில் பழையபடி என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தயவுசெய்து இதை ஞாபகம் வையுங்கள்: சில நாட்களுக்குள் திடீரென்று மாறினால் காத்திருக்காமல் டொக்டரிடம் போங்கள்.

கனடாவில் இருக்கும் தம்பி கேட்டான் என்று ஒருமுறை வீடியோ எடுத்தேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அழித்துவிட்டேன். அவனுக்கு இப்போது கொப்பியை வாசித்துக் காட்டுகிறேன்.

மழையில்லாத பின்னேரங்களில் கைப்பையோடே உட்துறைமுக வீதிக்கு இறங்குவோம். அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நேற்றைய பக்கத்தில் இருப்பது இது: "5.50. படலையைத் திறந்தார். கைப்பையை என்னிடம் தந்தார். 'இண்டைக்கு லாஞ்ச் கெதியா வந்திட்டுது' என்றார். தேத்தண்ணி குடித்தார்."