மறு: ஆர்கனைசர் பாக்ஸ் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் இலக்கணம் முறையாகப் படித்தவன் இல்லை. தென்காசிப் பக்கம் வீட்டு வயரிங், இன்வெர்ட்டர், மோட்டார் வேலை பார்க்கிறவன். ஆனால் ஸ்க்ரூ, வாஷர் மாதிரிச் சில்லறைச் சாமான்களை அறை அறையாகப் பிரித்துப் போடுகிற, நீங்கள் பெயர் தேடுகிற அந்தப் பெட்டியை ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து மூடுகிறவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. மடல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'ஒழுங்கமைப்பான்' என்பதே நேரான சொல். சுருக்கமாக இல்லாவிட்டாலும் பொருள் பிசகாது.

பொருள் பிசகாதுதான். ஆனால் அந்தப் பெட்டி எதையும் ஒழுங்கமைத்து நான் பார்த்ததில்லை. வாங்கி வந்த அன்று ராத்திரி உட்கார்ந்து 19×6 ஸ்க்ரூ ஒரு பக்கம், 35×8 ஒரு பக்கம், சுவரில் ஸ்க்ரூ பிடிக்க வைக்கும் ராவல் பிளக் ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவது நான். மறுநாள் வேலை முடிந்த அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அள்ளிக் கொட்டுவது என்னோடு வரும் பையன். பெட்டி பாவம், சும்மா இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் இதை 'சோர்ட்டிமென்ட்ஸ்காஸ்டன்' என்கிறார்கள். வகைவகையான சாமான் வைக்கும் பெட்டி என்று அர்த்தம். அவர்கள் உள்ளே இருப்பதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்துக்குப் பின்னாலேயே போக வேண்டும் என்று நமக்கும் கட்டாயம் இல்லை.

'பேழை' வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே செருப்பைக் கழற்றி வைக்கத் தோன்றுகிறது. அதில் துருப்பிடித்த வாஷரைப் போட மனம் வராது.

யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய 'லாச்சிப் பெட்டி' எனக்குப் பிடித்திருந்தது. டச்சுக்காரர் விட்டுப்போன சொல் அங்கே மேசைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது அழகு. ஆனால் லாச்சி என்றால் இழுப்பது. எலெக்ட்ரானிக்ஸ் கடைச் சுவரில் ரெசிஸ்டர், டயோடு போட்டு வைக்கிற சின்னச் சின்ன இழுப்பறை வரிசை இருக்கிறதே, அதற்கு 'லாச்சியடுக்கு' என்றோ 'இழுப்பறையடுக்கு' என்றோ வைத்துக்கொள்ளலாம். அது கடையில் நிற்பது. நாம் பேசுவது வண்டியில் கூடவே வருவது. இரண்டுக்கும் குணம் வேறு, கெடுகிற விதமும் வேறு.

இனி 'அஞ்சறைப் பெட்டி'. ஏழெட்டுப் பேர் கைதூக்கியிருக்கிறீர்கள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. இப்போது வரும் வட்டமான எவர்சில்வர் பெட்டியில் பெரும்பாலும் ஏழு கிண்ணம் இருந்தும் அஞ்சறை என்றே சொல்கிறோம், அதனால் எண்ணைப் பற்றிக் கவலை இல்லை. சரி, பரிசோதித்துப் பார்ப்போம் என்று போன வாரம் ஒரு வீட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டும்போது ஏணியில் நின்றுகொண்டு "தம்பி, அந்த அஞ்சறைப் பெட்டியை எடு" என்றேன். வேலை நடந்தது சமையலறையில். பையன் திரும்புவதற்குள் வீட்டுக்கார அம்மா கடுகும் சீரகமுமாகக் கொண்டுவந்து நீட்டிவிட்டார்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தால், பெயர்க் குழப்பத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அஞ்சறைப் பெட்டி மேடையில் உட்கார்ந்திருக்கும்வரைதான் அஞ்சறை. கவிழ்த்தால் ஓரறை. கிண்ணங்களுக்குத் தனித்தனி மூடி கிடையாது. மேல் மூடிக்கும் கிண்ண விளிம்புக்கும் நடுவே கடுகு தாராளமாகப் போய்வரும். சமையலறையில் அது குற்றம் இல்லை, யாரும் அதைக் கவிழ்ப்பதில்லை. என் பெட்டி மொபெட்டின் முன்பக்கம் செங்குத்தாக நிற்கிறது, குண்டுகுழி ரோட்டில் ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் குலுங்குகிறது. அப்படிக் குலுங்கிய பிறகும் உள்ளே வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும். இந்தச் சாமானின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பெயர் அதைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்லக் கூடாது.

பெட்டி வாங்கப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் தடம் மாறுகிறேன். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் 3 எம்எம் வாஷர் நாலு போட்டுக்கொண்டு போங்கள். அதன் தடிமன் அரை மில்லிமீட்டர். நடுவில் உள்ள ஒரு அறையில் நாலையும் போட்டு, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, நன்றாகக் குலுக்கித் திறந்து பாருங்கள். ஒன்று பக்கத்து அறைக்குப் போயிருந்தாலும் அந்தப் பெட்டி மேசைக்குத்தான் ஆகும். கடைக்காரர் குலுக்க விடவில்லை என்றால் ஒரு துண்டுத்தாளைத் தடுப்பின் மேல் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி இருக்கிறது. நடுப்பகுதியில் இழுத்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் கொக்கி ஓரத்தில் இருப்பதால் ஓரம் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். பெரிய மூடி நடுவில்தான் உப்பும்.

பிளாஸ்டிக்கும் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளவென்று, தட்டினால் 'டிக்' என்று கேட்கிற மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். ஏணியிலிருந்து ஒரு தடவை விழுந்தால் போதும், மூலை தெறித்துவிடும். கொஞ்சம் மங்கலாக, மெழுகு தடவியது போல் இருப்பது பாலிப்ரொப்பிலீன். வளையும், உடையாது, எண்ணெய்க்கும் அசையாது. மூடியும் பெட்டியும் ஒரே வார்ப்பாக, நடுவில் மெல்லிய மடிப்பே கீலாக இருப்பது இதில்தான். பாலிகார்பனேட் மூடி அடிக்குத் தாங்கும், ஆனால் பெட்ரோல், தின்னர் பட்டால் நாளடைவில் முடி மாதிரி கீறல் விடும். பாலிப்ரொப்பிலீனில் ஒரே தொல்லை, ஸ்டிக்கர் நிற்காது, மார்க்கர் எழுத்தும் கைபட்டு அழிந்துவிடும். நான் தாளில் எழுதி உள்பக்கம் அடியில் போட்டுவிடுகிறேன். ஸ்க்ரூ தீரும்போது பெயர் தெரியும், தெரிந்தால் வாங்க வேண்டும் என்று அர்த்தம்.

சின்ன அறைகளே நிறைய இருக்கிற பெட்டியை ஆசைப்பட்டு வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். 36 அறை இருந்தது. ஒரு எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்துவிடும் சுவிட்ச்) படுக்கவில்லை, ஃபேன் கண்டன்சர் நுழையவில்லை. சிங்கிள் போல் எம்சிபி ஒன்று 18 மி.மீ. அகலம்தான், ஆனால் நீளம் எட்டு செ.மீ.க்கு மேல் வரும். நாலைந்து அறையாவது ஒன்பது செ.மீ. நீளம் இருக்க வேண்டும். தடுப்பை உருவி அறையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று விற்கிற வகையில், அதே தடுப்பு வண்டிக் குலுக்கலில் தானாகவே மேலே ஏறிவிடுவதும் உண்டு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் கருத்து 'கண்'. வலைக்குக் கண் உண்டு, சல்லடைக்குக் கண் உண்டு, மதகுக்குக் கண் உண்டு. எங்கள் ஊரிலிருந்து ஆரியங்காவு தாண்டிப் போனால் கழுதுருட்டியில் பழைய ரயில் பாலம் ஒன்று, கல் வளைவுகளோடு நிற்கிறது. மலையாளத்தில் அதற்குப் பெயரே 'பதிமூணு கண்ணறைப் பாலம்'. இந்தப் பக்கம் நாங்கள் பதிமூணு கண் பாலம் என்போம். ஒரே மாதிரி இடைவெளிகள், நடுவில் தடுப்பு, மொத்தமும் ஒரே கட்டுமானம். என் பெட்டியும் அதுவேதான். 'கண்ணறை' என்றே வைக்கலாமே என்பீர்கள். உயிரியலில் செல்லுக்கு அந்தச் சொல்லை எழுதியவர்கள் இருக்கிறார்கள், போதாததற்கு கண்ணறை என்றால் இரக்கமின்மை என்றும் ஒரு பொருள் உண்டு. அதனால் வெறும் கண் போதும். '18 கண் பெட்டி', '24 கண் பெட்டி'. கடையில் கேட்கும்போது எண்ணிக்கையைத்தானே முதலில் சொல்கிறோம்?

இதை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் கூடவே வரும். நிலையாக இருப்பது தடுப்பு, உருவக்கூடியது செருகுதடுப்பு. கையோடு தூக்கி ஏணிக்குக் கொண்டுபோகிற தனிச் சிறு டப்பாவுக்குக் கிண்ணம். கோவை நண்பர் கேட்ட கிரிட்ஃபினிட்டிக்கும் இது பொருந்தும். 2022-ல் சாக் ஃப்ரீட்மன் வெளியிட்ட அந்த முறையில் அடித்தட்டு 42 மி.மீ. சதுரக் கட்டங்களாக இருக்கும், முப்பரிமாண அச்சில் எடுத்த கிண்ணங்கள் அதில் உட்காரும். அடித்தட்டைக் 'கண்பலகை' என்றால் 'இரண்டு கண் கிண்ணம்', 'நாலு கண் கிண்ணம்' என்று அளவும் சொல்லிவிடலாம். 1993-ல் வந்த சிஸ்டெய்னர், 2017-ல் வந்த பேக்அவுட் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று மாட்டிக்கொள்ளும் பெட்டிகளுக்குப் 'பூட்டடுக்கு'. வேன் வைத்திருப்பவர்களுக்கான ஆடம்பரம், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு அறைச் சாமான் இன்னொரு அறைக்குப் போகிறதே, அந்தக் குறைக்கு ஆங்கிலத்தில்கூட ஒற்றைச் சொல்லாக நான் கேட்டதில்லை. 'கண்கலப்பு' என்று வைக்கலாமா? கண் கலந்தால் நமக்குக் கண் கலங்கும், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.

அன்புடன்,
தென்காசியிலிருந்து

———

தம்பிக்கு,

நான் 22 ஆண்டுகள் அச்சுக்கோத்தவன். உங்கள் மடலைப் படித்ததும் கை தானாக அசைந்தது. ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் எங்களுடைய 'கேஸ்' நீங்கள் சொல்கிற பெட்டிக்குப் பெரியப்பா. ஆங்கிலத்தில் மேல் கேஸில் பெரிய எழுத்து, கீழ் கேஸில் சிறிய எழுத்து என்று வைத்ததால்தான் இன்றைக்கும் கணினியில் அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்கிறார்கள். அதில் கண்கள் ஒரே அளவில் இருக்காது. ஆங்கிலத்தில் 'e' எழுத்து அதிகம் தேவை, அதற்குத்தான் எல்லாவற்றிலும் பெரிய கண், கைக்கு நேரே. உங்கள் 36 கண் பெட்டியை வடிவமைத்தவர் ஒரு அச்சகத்தை எட்டிப் பார்த்திருக்கலாம். தமிழில் றா, ணா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களுக்குத் தனித்தனி அச்சு இருந்தது. 1978 சீர்திருத்த ஆணைக்குப் பிறகு அந்தக் கண்கள் மெல்ல மெல்லக் காலியாயின. ஒன்றில் நான் பொடிமட்டை வைத்திருந்தேன்.

சொல்லைப் பற்றி இரண்டு. எண் இல்லாமல் எழுதும்போது 'கண்பெட்டி' என்று சேர்ந்துவிடும். கேட்கிறவருக்குக் கண்தானம் ஞாபகம் வரும். புணர்ச்சி விதி பார்க்கிறவர் யாராவது மட்பாண்டம், கட்புலன் போலக் 'கட்பெட்டி' என்று திருத்தவும் கூடும், அப்புறம் அதை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் பொதுப்பெயராகப் 'பலகண் பெட்டி' என்று வைத்துவிடுங்கள். பல கண் இருப்பதால் சன்னலுக்குப் 'பலகணி' என்று பெயர் வைத்த மொழி இது. புதுச்சொல் ஆக்குகிற பழியும் நமக்கு வராது.

கண்கலப்பு எனக்குச் சம்மதம். எங்கள் தொழிலில் கேஸ் கீழே விழுந்து எழுத்தெல்லாம் கலந்துவிட்டால் அன்றைக்கு யாரும் சாப்பிடப் போக மாட்டோம்.

———

ஐயா, வணக்கம்.

பலகண் பெட்டி என்றே இருக்கட்டும். பலகணி எனக்குத் தோன்றவே இல்லை. எண் சொல்லும்போது '18 கண் பெட்டி', சொல்லாதபோது 'பலகண் பெட்டி'. வேறு யாருக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதற்குப் பிறகு குழுமத்தின் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.

நீங்கள் சொன்ன அச்சுக்கேஸ் விஷயத்தை நேற்று ராத்திரியே செய்து பார்த்தேன். கொக்கிப் பக்கம் இருந்த பெரிய கண்களில் எப்போதாவது தேவைப்படும் சாடில் கிளிப்பும் ஹோல்டரும் கிடந்தன. அவற்றைப் பின்னால் தள்ளிவிட்டு 35×8-ஐயும் ராவல் பிளக்கையும் முன்னால் கொண்டுவந்தேன். பையனிடம் சொல் விவாதத்தைப் பற்றியெல்லாம் எதுவும் சொல்லவில்லை. இன்று காலை ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு கத்துகிறான்: "அண்ணே, பெரிய கண்ணு ரெண்டும் காலி, கடைக்குப் போகணும்."

கொக்கிக்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பிக்கொள்கிற அந்தப் பிளாஸ்டிக் பூட்டைக் கொக்கி என்பது எப்படி? யாராவது யோசித்துச் சொல்லுங்கள்.