அலுமினியத்துக்கு 'நீரகப் பொடிவு' சரியா வருமா?

வணக்கம் ஐயா, ஹைட்ரஜன் (நீரகம்) உள்ள புகுந்து உலோகம் இழுபடாம முறியிறதுக்கு, அதாவது hydrogen embrittlement-க்கு, நீங்க சொன்ன 'நீரகப் பொடிவு'ங்கிற சொல்லைப் பத்தி ரெண்டு நாளா யோசிச்சிட்டே இருக்கேன், மனசு ஒப்பல. அலுமினியத்துல பொடின்னா அரிப்புதான் ஞாபகம் வரும், கடற்கரை வீட்டு ஜன்னல் ஃப்ரேம்ல வெள்ளையா மாவு மாதிரி பூக்குமே அது. ஹைட்ரஜன் பண்ற வேலை வெளிய தெரியவே தெரியாது.

லேப்ல 7075-ங்கிற வலுவான அலுமினியக் கலவைக் கம்பி ரெண்டை இழுத்துப் பாத்திருக்கேன். நல்ல கம்பி நடுவுல இளைச்சு, கழுத்து விழுந்து, அப்புறம்தான் அறுந்துச்சு. ஈரக்காத்துல நாள்கணக்கா வெச்சிருந்து ரொம்ப மெதுவா இழுத்தது இளைக்கவே இல்ல, சடக்குன்னு முறிஞ்சுது, முறிஞ்ச முகம் கல்கண்டு உடைச்ச மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு. நீராவி அலுமினியத்தோட சேந்து ஆக்சைடு ஆகுறப்போ விடுபடுற ஹைட்ரஜன் அணு உள்ள புகுந்து, உலோக மணிகளோட (உலோகத்துக்குள்ள இருக்கிற குட்டிப் படிகங்களோட) எல்லையில போய் உக்காந்துக்குது, அங்கதான் பிடிப்பு விடுது.

'நொறுங்கல்'னு ஒருத்தர் சொல்லியிருந்தாரு. அப்பளம் நொறுங்கும், இது ரெண்டா முறியுது. அதனால அந்தத் தன்மைக்கு 'முறிமை', அந்த நிலைக்குப் போறதுக்கு 'முறிமையுறல்'. இங்க ஹைட்ரஜன் தண்ணியிலேர்ந்துதான் வருது, அதனால 'நீரக முறிமை' நல்லாவே பொருந்துது. இலங்கையில ஐதரசன்னு எழுதுறவங்க 'ஐதரசன் முறிமை'ன்னு வெச்சுக்கலாம்.

இன்னொண்ணு, அலுமினியத்து மேல இருக்கிற ஆக்சைடு படலத்தை மின்சாரத்தால தடிக்க வைக்கிற அனோடைசிங்கை தயவுசெஞ்சு 'மின்முலாம்'னு போடாதீங்க. முலாம்னா வேற உலோகம் வெளியிலேர்ந்து வந்து ஒட்டணும். இங்க கந்தக அமிலத் தொட்டியில பாகமே நேர்முனை, அதோட சொந்த மேற்பரப்பே ஆக்சைடா மாறி, சில நானோமீட்டர் இருந்த படலம் 10, 20 மைக்ரானா தடிக்குது, ஹைட்ரஜன் குமிழி எதிர்முனையிலதான் வருது. எஃகுக்குத் துத்தநாக முலாம் போடறப்போ பாகமே எதிர்முனை, ஹைட்ரஜன் அதுக்குள்ளயே ஏறிடும். ரெண்டுக்கும் ஒரே சொல்னா படிக்கிற பையனுக்கு இந்த வித்தியாசமே புரியாது. 'நேர்முனைப் படலமாக்கல்'னு எழுதலாம், நீளம்தான், ஆனா தப்பில்ல.

டெம்பருக்கு, அதாவது சூட்டுப் பக்குவத்தால கலவைக்கு வர்ற நிலைக்கு, நம்ம 'பதம்' இருக்கவே இருக்கு (டி6-ன்னா வலிமை உச்சத்துல இருக்கிற பதம், டி73-ன்னா அதையும் தாண்டி சூட்டுல வெச்ச பதம்). ஒரு வாக்கியம் எழுதிப் பாத்தேன், எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க: 'படலத்துல கீறல் விழுந்தா அந்த வழியா ஈரம் இறங்கும், அதனால படலத்தை மட்டும் நம்பாம 7075 கலவையை டி6 பதத்துலேர்ந்து டி73 பதத்துக்குக் கொண்டுபோனா வலிமை கொஞ்சம் குறைஞ்சாலும் நீரக முறிமை குறையும்.'