ஆன்டிஆக்ஸிடன்ட்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தண்டையார்பேட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு "சமையலறை இலைகள்" என்று ஒரு விளக்கப்படம் செய்கிறார்கள். கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, துளசி, கற்பூரவல்லி ஐந்தும் வந்துவிட்டன. வெள்ளி காலையில் ஃப்ளெக்ஸ் அச்சுக்குப் போக வேண்டும். தலைப்பில் "ஆன்டிஆக்ஸிடன்ட்" என்பதற்கு "ஆக்ஸிஜனேற்ற எதிரி" என்று எழுதியிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "மிஸ், ஆக்ஸிஜன் இல்லாம எப்படி மூச்சு விடறது? அப்போ புதினா நமக்கு எதிரியா?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

பெரம்பூரிலிருந்து:

அம்மா, பிழை "எதிரி"யில் மட்டும் இல்லை. "ஆக்ஸிஜன்" என்பதே தவறான பெயர். கிரேக்கத்தில் அதற்கு "அமிலத்தைப் பிறப்பிப்பது" என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே நம்பி வைத்த பெயர். குளோரின் ஒரு தனிமம், அதற்குள் ஆக்ஸிஜன் இல்லை என்று 1810-இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காட்டிய பிறகு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜனே இல்லை என்று ஆயிற்று. அந்தப் பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? பழைய எண்ணெயை "காறிப்போச்சு" என்கிறோமே, அதுவும் இதே ஆக்ஸிஜனேற்ற வினைதான். "காறல்தடை" என்று எழுதுங்கள்.

காசிமேட்டிலிருந்து:

ஐயா, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் காறல் என்றால் காரப்பொடி மீனைத்தான் நினைப்பார்கள். படத்தைப் பார்த்து மீன் எங்கே என்று தேடுவார்கள். பாடநூலில் "ஆக்ஸிஜனேற்றம்" என்றே படிக்கிறார்கள். ஈழத்தில் "ஒட்சியேற்றம்". அதை ஒட்டிய சொல்லே போதும்.

வியாசர்பாடியிலிருந்து:

நான் வேதியியல் நடத்துகிறவன். சொல்லுக்கு முன் வினையைப் பார்ப்போம். ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு, பக்கத்தில் இருப்பதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். அந்தச் சங்கிலியில் நடுவே நின்று தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிற பொருளைத்தான் நாம் பெயரிடப் பார்க்கிறோம். அது கொடுக்கிறது, எதிர்க்கவில்லை. ஆகவே "ஈந்துகாப்பி".

புதினா, துளசி, கற்பூரவல்லி மூன்றும் ஒரே குடும்பம். மூன்றிலும் அப்படி எலக்ட்ரானைக் கொடுக்கும் ரோஸ்மரினிக் அமிலம் உண்டு. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். அதில் கார்பசோல் வகை அல்கலாய்டுகள், அதாவது நைட்ரஜன் கொண்ட தாவரப் பொருள்கள். இவற்றை எழுதுங்கள். "நோய் தீர்க்கும்" என்று மட்டும் எழுதாதீர்கள், அம்மா. சோதனைக் குழாயில் நடப்பது உடம்பிலும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினும் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்தான்; பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் நுரையீரல் புற்றுநோய் அதிகமாக இருந்தது. இலையைத் துவையலில் சாப்பிடுவது வேறு, சத்தைப் பிரித்து மாத்திரையாக விழுங்குவது வேறு. பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

பெரம்பூரிலிருந்து:

"ஈந்துகாப்பி" அழகுதான். ஆனால் படிக்கிறவர் காதில் டிகாக்‌ஷன் காப்பிதானே விழும்?

கறிவேப்பிலை பேச்சு வந்ததால் ஒன்று. பெரும்பாணாற்றுப்படையில் மாதுளங்காயோடு "கறி கலந்து", "கஞ்சக நறுமுறி" அளாவுகிறார்கள். கஞ்சகம் கறிவேப்பிலை என்பது உரை. அங்கே "கறி" என்பது மிளகு. அப்படியானால் நம் "கறிவேப்பிலை"யில் இருக்கிற கறி மிளகா, குழம்பா? எனக்கு மிளகென்றே படுகிறது. இதைத் தனி இழையில் பேச வேண்டும்.

காசிமேட்டிலிருந்து:

தனி இழையில் பேசலாம் ஐயா. நாளை அச்சு.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் வாழைப்பூவை ஆய்ந்து, பாதியை மோர்த்தண்ணீரிலும் பாதியை வெறும் தட்டிலும் வைத்தோம். தட்டில் இருந்தது கறுத்தது. "மோர் என்ன செய்தது?" என்று கேட்டேன். "தடுத்தது" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அதனால் "ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்" என்றே போடுகிறேன். அதன் கீழே, "தன் எலக்ட்ரானைக் கொடுத்து மற்றதைக் காப்பது" என்று வியாசர்பாடி ஐயாவின் விளக்கம் ஒரு வரி வரும்.

வியாசர்பாடியிலிருந்து:

சரி, ஒப்புகிறேன். ஆனால் மோரின் புளிப்பு, பூவைக் கறுக்கச் செய்யும் நொதியின் வேகத்தைக் குறைக்கிறது, ரோஸ்மரினிக் அமிலம் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. இரண்டு வழியும் வேறு என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

"தடுப்பான்" ஆண்பால் வினைமுற்று. "நாளை தடுப்பான்" என்றும் படிக்கலாம். அஃறிணைக்கு "ஆக்ஸிஜனேற்றி", "ஆக்ஸிஜன் ஒடுக்கி" போல "தடுப்பி" என்று இகர விகுதி வருவதே முறை. ஃப்ளெக்ஸ் அச்சேறியிருந்தாலும் என் மாற்றுக் கருத்து இங்கே பதிவாகட்டும்.