டிசைனரில் வரைந்த திரை, ஏற்கெனவே எழுதிய ஸ்கிரிப்ட்: இணைப்பது எப்படி?

ஸ்டூடியோதம்பி:
கல்யாண ஸ்டூடியோவில் வேலை. படங்களைச் சுருக்கி முத்திரை போட பைத்தான் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) வைத்திருக்கிறேன். கூட வேலை பார்க்கும் அக்காவுக்குக் கட்டளை தட்டிப் பழக்கமில்லை. அதனால் கியூடி டிசைனரில் (ஜன்னல்களை வரைந்தே உருவாக்கும் கருவி) இரண்டு பட்டன், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் ஒரு ப்ரோக்ரஸ் பார் வரைந்து, பையுஐசி5 என்ற மாற்றும் கருவி வழியாகப் பைத்தான் கோப்பாக மாற்றி, அதற்குள்ளேயே என் ஃபங்ஷன்களை ஒட்டினேன். நேற்று ஒரு பட்டனைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி மாற்றினேன். ஒட்டியது மொத்தமும் போய்விட்டது! இனி டிசைனரே வேண்டாமா?

கரிசல்:
விட்டுவிடாதீங்க தம்பி. கையால் செய்த மாற்றம் அடுத்த முறை அழியும் என்று அந்தக் கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கும். டிசைனர் சேமிப்பது எக்ஸ்எம்எல், அதாவது திரையின் விவரம் மட்டும் உள்ள எழுத்துக் கோப்பு. அதை மாற்றவே வேண்டாம், பைகியூடியின் லோட்யுஐ ஃபங்ஷன் நேரடியாக ஏற்றிக்கொள்ளும். திரை ஒரு கோப்பு, ஸ்கிரிப்ட் ஒரு கோப்பு, இரண்டையும் கோர்க்க மூன்றாவது கோப்பு. அதில் முக்கியமான வரி ஒன்றுதான்:

பட்டன்.கிளிக்ட்.கனெக்ட்(சுருக்கு)

சுருக்கு() என்று அடைப்புக்குறி போட்டால், பட்டனை அழுத்தும் முன்னரே வேலை ஓடி முடிந்துவிடும். கனெக்டுக்குக் கிடைப்பது வெறும் நன் (‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பு), உடனே டைப்எரர் என்ற பிழை வரும். பைத்தான் 3-ல் ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அதனால் சுருக்கு என்ற பெயர் அப்படியே ஓடும்; கிளிக்ட், கனெக்ட் இரண்டையும் மட்டும் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும்.

நெய்தல்:
கரிசல் சொல்வதை நான் ஏற்கவில்லை. இரண்டு பட்டனுக்கு மூன்று கோப்பா? கியூவிபாக்ஸ்லேஅவுட் (பட்டன்களை மேலிருந்து கீழாக அடுக்குவது) போட்டுக் கையால் எழுதினால் முப்பது வரி, அத்தனையும் கண்முன் இருக்கும். லோட்யுஐ-யில் பட்டனின் பெயர் எடிட்டருக்கே தெரியாது. டிசைனரில் பெயரை மாற்றிவிட்டு மறந்தால், ஓடவிட்ட பிறகுதான் தவறு தெரியும். நானே இதில் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன்.

கரிசல்:
எடிட்டர் விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் திரையை மாற்றச் சொல்பவர் யார்? எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அம்மா தானே டிசைனரைத் திறந்து பட்டனை இடம் மாற்றிக்கொள்கிறார். உங்கள் முப்பது வரியில் அவர் கை வைக்க முடியாது. திரை தனியாக இருந்தால் ஸ்கிரிப்டைத் தொடாமலே எல்லாம் நடக்கும்.

நெய்தல்:
“தொடாமலே” என்பதில்தான் தம்பி ஏமாந்துவிடக் கூடாது. ஸ்கிரிப்டில் பயனரிடம் பதில் கேட்கும் இன்புட்() இருந்தால், கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் பதில் வரும்வரை ஜன்னல் உறைந்து நிற்கும். பிரிண்ட்() எழுதுவதும் அங்கேதான் போகும், அக்கா கண்ணில் படாது. கோப்புறையை வாங்கி விடையைத் திருப்பித் தரும் ஃபங்ஷனாக அதை முதலில் மாற்ற வேண்டும். டிசைனரா கையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஸ்டூடியோதம்பி:
இன்புட்டை எடுத்துவிட்டு சுருக்கு(கோப்புறை) என்று மாற்றி கனெக்ட் செய்தேன். கோப்புறை இருக்க வேண்டிய இடத்தில் ஃபால்ஸ் (‘இல்லை’ என்ற மதிப்பு) வருகிறதே!

கரிசல்:
நான் கொடுத்த வரியில் உள்ள குறை அது, மன்னிக்கணும். பட்டனை அழுத்தியதும் கிளம்பும் அறிவிப்பான கிளிக்ட் சிக்னல், பட்டன் செக் ஆகியிருக்கிறதா (அழுத்திய நிலையில் இருக்கிறதா) என்ற மதிப்பையும் கூடவே அனுப்பும். அதை உங்கள் ஃபங்ஷன் கோப்புறை என்று வாங்கிக்கொள்கிறது. நடுவில், ஜன்னலின் கிளாஸுக்குள், ஒரு சின்ன மெத்தட் (ஃபங்ஷன் மாதிரிதான்) வையுங்கள். அது திரையிலிருந்து கோப்புறையின் பெயரை எடுத்து சுருக்குவிடம் கொடுக்கட்டும்.

நெய்தல்:
அந்த மெத்தடிலேயே ஆயிரம் படத்தையும் ஓட்டாதீங்க. ஜன்னலின் கிளிக்குகளைக் கவனிக்கும் ஈவன்ட் லூப் நின்றுபோய் “நாட் ரெஸ்பான்டிங்” வரும், அக்கா பயந்து மூடிவிடுவார். வேலையைப் பின்னணியில் தனியாக ஓடவிடும் கியூத்ரெட்டுக்குள் அனுப்புங்கள். அங்கிருந்து ப்ரோக்ரஸ் பாரைத் தொடவே கூடாது. எண்ணை மட்டும் சிக்னலாக அனுப்பினால் போதும், பாரை நகர்த்துவது ஜன்னலின் வேலை.

ஸ்டூடியோதம்பி:
ஓடுகிறது அண்ணா! பார் நகர்கிறது, ஜன்னலும் உறையவில்லை. டிசைனரை வைத்துக்கொண்டேன், அக்காவே பட்டனைப் பெரிதாக்கிவிட்டார்.

நெய்தல்:
சந்தோஷம். டிசைனரிலேயே லேஅவுட் (ஜன்னலின் அளவுக்கேற்பப் பட்டன்களை அடுக்கும் ஒழுங்கு) போட்டீர்களா? ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பட்டன் கூடவே வரவில்லை என்றால் இன்னும் போடவில்லை.