அடையாளம், சாதி பற்றி கல்லூரியில் வட்ட உரையாடல்: எப்படி நடத்துவது?

பொருநை:
வணக்கம். தென் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. செப்டம்பர் 17 சமூகநீதி நாளுக்கு உறுதிமொழி வாசித்துக் கலைவதோடு நிறுத்தாமல், மாணவர்களே அடையாளம், சாதி, இடஒதுக்கீடு பற்றிப் பேசுகிற மாதிரி என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) சார்பில் ஒரு அமர்வு நடத்தப் போகிறோம். 40 பேர், எல்லாச் சமூகமும் உண்டு, பாதிக்கு மேல் விடுதி மாணவர்கள். 2 மணி நேரம்தான் கிடைக்கும். ஒரு பயிற்சி சொன்னார்கள்: எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, "வீட்டில் படித்தவர் இருந்தால் ஓர் அடி முன்னால், சாதி சொல்லித் திட்டு வாங்கியிருந்தால் ஓர் அடி பின்னால்" என்று நகரச் சொல்வது. இதைச் செய்யலாமா? சண்டை வந்துவிடுமோ, இல்லை ஒருத்தரும் வாயே திறக்காமல் போய்விடுவார்களோ என்று இரண்டு பயமும் இருக்கிறது.

கரிசல்:
அந்தக் கோடு வேண்டவே வேண்டாம் தோழர். கடைசியில் பின்னால் தனியாக நிற்கிற பிள்ளையை 39 பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று ராத்திரி அதே பிள்ளை அதே விடுதி மெஸ்ஸில் தட்டை ஏந்தி வரிசையில் நிற்கணும். மற்றவர்கள் பாடம் கற்க அவர் ஏன் விலை கொடுக்கணும்?

ஆட்களை நகர்த்தாதீர்கள், அட்டைகளை நகர்த்துங்கள். பாதி தாள் அளவு அட்டையில் 6 கற்பனை மாணவர்களை எழுதுங்கள். உதாரணமாக: கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிலாளியின் மகள், முதல் பட்டதாரி. பெற்றோர் இருவரும் வங்கி வேலை, திருச்சி. கொல்லிமலைப் பழங்குடி மாணவி, சாதிச் சான்று இன்னும் கைக்கு வரவில்லை (பழங்குடிச் சான்று தாசில்தாரிடம் முடியாது, கோட்டாட்சியர் வரை போகணும்; எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டாலே பேச்சு தொடங்கிவிடும்). பிறகு தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள்: விண்ணப்பிக்கக் கடைசித் தேதியை இவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வாடகைக்கு அறை கேட்டுப் போனால் வீட்டுக்காரர் முதலில் என்ன கேட்பார்? ஒவ்வொரு பதிலுக்கும் அட்டை முன்னாலோ பின்னாலோ ஒரு கட்டம் நகரணும், ஏன் நகர்த்தினார்கள் என்று குழு சொல்லணும். அட்டையில் சாதிப் பெயர் எழுதாதீர்கள். ஊகிக்கவும் விடாதீர்கள், ஊகம் அங்கேயே கேலியாகிவிடும்.

40 பேர் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் 5 பேர்தான் பேசுவார்கள். 13, 13, 14 என்று மூன்று வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு இரண்டு நெறியாளர்கள், இருவரும் ஒரே சமூகமாக இருக்கக் கூடாது. குழு பிரிக்க வண்ண நாடா, வண்ண அட்டை எதுவும் வேண்டாம். நம் பக்கம் நிறம் என்றால் கையில் கட்டுகிற சாதிக் கயிறுதான் ஞாபகம் வரும். நீதிபதி சந்துரு குழு 2024-இல் பள்ளிகளில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னதும் அதனால்தான். 1, 2, 3 எண்ணிப் பிரியட்டும்.

அறிமுகச் சுற்றில் "எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது" வேண்டாம். சாதியை நேராகக் கேட்காமல் கேட்கிற கேள்விகள் இவை. நாம் சும்மா கேட்டாலும் கேட்கப்படுகிறவருக்கு அது தெரியும். "இந்தக் கல்லூரியில் உங்களுக்கு நிம்மதியாக உட்காரத் தோன்றுகிற இடம் எது?" என்று கேளுங்கள். வேப்பமரத்தடி, நூலக மாடிப்படி என்று பதில் வரும். யாருக்கு எந்த இடம் கிடைக்கவில்லை என்பதும் சேர்ந்தே வரும்.

மரப்பாச்சி:
கரிசல் சொன்னதோடு இடஒதுக்கீட்டுக்கு ஒரு வழி. வட்டத்துக்கு 200 புளியங்கொட்டை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு இனச்சுழற்சிப் பட்டியல் (எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்ற வரிசை) 200 இடங்களுக்கானது, அதனால் கணக்கு உடையாமல் வரும்.

முதலில் எண்ணைச் சொல்லாதீர்கள். பொது, பிசி (பிற்படுத்தப்பட்டோர்), பிசி முஸ்லிம், எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்)/சீர்மரபினர், எஸ்சி (பட்டியல் சாதி), அருந்ததியர், எஸ்டி (பழங்குடி) என்று ஏழு தாள் விரித்து, யாருக்கு எத்தனை என்று குழுவே கொட்டையைக் குவிக்கட்டும். 10 நிமிடம் போதும். பிறகு சரியான எண்: 62, 53, 7, 40, 30, 6, 2. திருத்தி அடுக்கச் சொல்லுங்கள். எஸ்சி தாளிலிருந்து கொட்டைகளை அள்ளி வேறு தாளில் போட வேண்டி வந்தால் கையே உண்மையைச் சொல்லும். "எல்லா சீட்டும் அவங்களுக்குத்தான் போகுது" என்று நம்பி வந்த பிள்ளை எண்ணிப் பார்க்கட்டும்: எஸ்சி, அருந்ததியர், எஸ்டி சேர்த்து 38. பிசி, பிசி முஸ்லிம், எம்பிசி சேர்த்து 100, சரிபாதி. "கோட்டா" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேலி செய்கிறவர்களில் பலர் அந்த 100-க்குள் வருகிறவர்கள். இதை நீங்கள் சொல்லாதீர்கள், கொட்டையைப் பார்த்து அவர்களாகச் சொல்லணும்.

அதிகம் தவறுவது 62-இல். அது யாருக்கும் ஒதுக்கியது இல்லை, எல்லாருக்கும் பொது. மதிப்பெண்ணில் அதற்குள் வருகிற எஸ்சி மாணவருக்கு அங்கேயே இடம். 30-இல் கழிக்கக் கூடாது.

வரலாறு 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியின் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணை, 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கில் அது செல்லாமல் போனது, அதைச் சரிசெய்ய அதே ஆண்டு முதல் அரசியல் சட்டத் திருத்தம், 1989-இல் எம்பிசி 20%, 1993-இல் 69% இடஒதுக்கீட்டுச் சட்டம், 2009-இல் எஸ்சி பங்குக்குள் அருந்ததியர் உள்ஒதுக்கீடு. கரும்பலகையில் எழுதி விட்டுவிடுங்கள், கேட்டால் மட்டும் விளக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: "நீ சொல்லேன், உனக்குத்தானே தெரியும்" என்று ஒரு தலித் மாணவரைப் பார்த்து யாராவது சொல்வார்கள். நெறியாளர் உடனே குறுக்கிடணும். "கேள்வி எல்லாருக்கும். முதலில் நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டவரிடமே திருப்பிவிடுங்கள்.

படிக்கட்டு:
யாராவது அங்கேயே உடைந்து, விடுதியில் நடக்கிற கொடுமையைச் சொல்லிவிட்டால்? இதற்கு முன்கூட்டியே தயாராக இல்லாமல் அமர்வைத் தொடங்காதீர்கள்.

வட்டத்தில் வைத்து விசாரிக்கக் கூடாது. ஒரு நெறியாளர் அவரோடு வெளியே போகணும், மற்றவர் வட்டத்தைத் தொடரணும். வட்டத்துக்கு இருவர் வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உங்களைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன்" என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு. அதற்கும் விலக்கு உண்டு: முதலாண்டில் 18 நிரம்பாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் பாலியல் தொல்லை என்று சொன்னால் போக்சோ (சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகணும். இதைத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

புகார் எழுத அவர் விரும்பினால், தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, கூட இருந்தவர்கள். வார்த்தையை நாகரிகமாக்கி எழுதுவதுதான் பெரிய தவறு. "தகாத வார்த்தையால் திட்டினார்" என்று எழுதினால் சாதிக் குறிப்பே காணாமல் போகும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2012 சமத்துவ விதிகளின்படி கல்லூரியில் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்கணும், 60 நாளில் முடிவு வரணும். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் கொடுக்காதீர்கள். சாதி சொல்லித் துன்புறுத்துவது யுஜிசி ராகிங் விதிகளின் 2016 திருத்தத்துக்குப் பிறகு ராகிங்கிலும் சேரும். ராகிங் புகார் எண் 1800-180-5522. வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566. இந்த இரண்டு எண்ணையும் அறைக் கதவில் ஒட்டுங்கள்.

பொருநை:
மிக்க நன்றி. புளியங்கொட்டைக்கு இன்றே சொல்லியாச்சு. ஆசிரியர்கள் உட்காரலாமா? முடிவில் என்ன செய்வது?

கரிசல்:
அகமதிப்பெண் போடுகிற ஆசிரியர் வட்டத்தில் வேண்டாம், பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள். கைப்பேசி எல்லாம் ஒரு பையில் போகட்டும். ஒளிப்பதிவு கிடையாது, கல்லூரிப் பக்கத்துக்குக் காலி வட்டத்தின் படம் போதும்.

கடைசி 20 நிமிடத்தில் இந்தக் கல்லூரியில் மாற்றக்கூடிய ஒரே ஒரு விஷயத்தை எடுக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் பெயர் சொல்லி உரக்க வாசிக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் யார் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். அதற்குப் பதில் பதிவெண்ணுக்குத் தனித்தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லி முதல்வருக்கு ஒரு பக்க மனு. மூன்று வட்டமும் கையெழுத்துப் போடலாம், செலவும் இல்லை. மனு கொடுத்த 15-ஆம் நாள் யார் போய்க் கேட்பது என்று இரண்டு பேரை அன்றைக்கே எழுதிவையுங்கள்.