அப்பா மணிவிழாவுக்கு கடலோர ரிசார்ட்: கோவளமா, பூவாறா, மாலத்தீவா?

பாளைக்காரன்:
அண்ணாச்சிமாரே, வர்ற ஜூன்ல அப்பாவுக்கு மணிவிழா, திருக்கடையூர்ல வச்சு முடிச்சிட்டு அப்படியே அப்பா அம்மாவ நாலு நாள் நல்ல ஃபைவ் ஸ்டார் ரிசார்ட்டுல கடலப் பாத்த ரூம்ல தங்க வைக்கணும்னு ஆச. காலம்பூரா கடையே கதின்னு கெடந்த மனுசன், திருச்செந்தூர தவிர வேற கடல்ல கால் நனைச்சதில்ல. காசு பிரச்சன இல்ல. கேரளாவுல இருக்க கோவளம், பூவாறு, அப்புறம் மாலத்தீவு, மூணுல எது? அம்மாவுக்கு முட்டு வலி, ரெண்டு பேரும் சைவம்.

நாரோயில் மதினி:
தம்பி, ஜூன்னு சொல்லுதியளே அங்கனதான் இடிக்குது. தென்மேற்கு பருவமழ எறங்குற மாசம்லா, கோவளத்துல அல ஆளுயரத்துக்கு அடிக்கும், செவப்புக் கொடி நட்டுருவாங்க, லைஃப்கார்டு யாரையும் எறங்க விடமாட்டாரு. ஆஃப் சீசன்னு ரேட்ட கொறச்சுக் காட்டுவாங்க, அதப் பாத்து புக் பண்ணிறாதீங்க. விழா ஜூன்ல நடக்கட்டும், பயணத்த ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளுங்க. கோவளத்துக்கும் அதான் சீசன், மாலத்தீவுக்கும் அதான்.

கொக்கிரகுளம்:
மதினி சொல்லுதது சரி. கோவளத்துல லீலா ஹோட்டல் குன்னு மேல இருக்கு, அந்தக் காலத்துல கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா அரசாங்க ஹோட்டலா வடிவமைச்சுக் குடுத்த எடம், சரிவ ஒட்டியே ரூம்கள அடுக்கியிருக்காரு, அதுனால கட்டில்ல இருந்தே கடல் தெரியும். ஆனா சரிவுன்னா ஏத்தம் எறக்கம் இருக்கும், அம்மா முட்டுக்கு அதான் முதல் கேள்வி. ரூம் வாசல் வரைக்கும் பக்கி (ஹோட்டலுக்குள்ள ஆள ஏத்திட்டுப் போற குட்டி வண்டி) வருமா, லிஃப்ட் உண்டுமா, சாப்பாட்டு எடம் எம்புட்டு தூரம்னு ஹோட்டலுக்கே ஃபோன் போட்டு கேளுங்க, புக்கிங் சைட்டுல இதெல்லாம் இருக்காது. பூவாறு அழகுதான், நெய்யாறு கடல்ல சேருற எடம், ஆனா நெறைய ரிசார்ட்டுக்கு போட்டுலதான் போகணும், ஆடுத போட்டுல அம்மா ஏறி எறங்கணும். அங்க கடல்ல குளிக்கவும் முடியாது, இழுப்பு ஜாஸ்தி.

வள்ளியூர்:
மாலத்தீவுன்னா ஒண்ண கவனிங்க, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட், வெளிய போய் இட்லி சாப்பிட கடை கெடையாது. அதுனால புக் பண்ணும்போதே மூணு வேள சாப்பாடும் சேத்து எடுங்க, சைவம்னு மெயில்ல எழுதி பதில் வாங்கி வச்சுக்கோங்க. ஏர்போர்ட்ல இருந்து தீவுக்குப் போற காசு பெரும்பாலும் ரூம் ரேட்டுல இருக்காது. சீப்ளேன் (கடல் தண்ணியிலயே எறங்குற குட்டி விமானம்) பகல்லதான் பறக்கும், ஃபிளைட் சாயங்காலம் எறங்குச்சுன்னா அன்னைக்கு ராத்திரி தலைநகர் மாலே பக்கந்தான் தங்கணும், அதுனால ஸ்பீட்போட்டுல சீக்கிரம் போற தீவா பாருங்க. நமக்கு விசா அங்க எறங்குனதும் சும்மாவே குடுப்பாங்க. தண்ணிக்கு மேல நிக்கிற வில்லா போட்டோவுல சூப்பரா இருக்கும், ஆனா நீளமான மரப்பாலத்துல நடக்கணும், கடலுக்குள்ள ஏணி வழியாத்தான் எறங்கணும். அம்மாவுக்கு பீச் வில்லாதான் எடுக்கணும், கதவத் தொறந்தா மணல்.

பாளைக்காரன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஜனவரிக்கு மாத்திட்டேன். அம்மாட்ட கேட்டேன், கார்ல போற தூரம்னா நிம்மதின்னாங்க, அப்ப கோவளம்தான். நாளைக்கு ஃபோன் போட்டு பக்கி விவரம் கேக்கேன்.

நாரோயில் மதினி:
நல்லது தம்பி. கிறிஸ்துமஸ், நியூ இயர் கூட்டம் வடிஞ்ச பெறவு, பொங்கல் லீவயும் தாண்டி தேதி போடுங்க. கீழ்த்தட்டு ரூமா, கடல் முழுசாத் தெரியுத மாதிரி கேளுங்க, ‘பார்ஷியல் சீ வியூ’ன்னு போட்டுருந்தா எடுக்காதீங்க.