குறைந்த செலவில் வான்குதிப்பு ஒளிப்பதிவு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
அண்மையில்தான் வான்குதிப்பு (விமானத்திலிருந்து பாராசூட்டுடன் குதிப்பது) உரிமம் பெற்றேன். குதிப்புகளுக்கே கையிருப்பு கரைந்துவிடும் நிலையில், உடன் குதிப்பவர்களைப் படமெடுக்கவும் ஆசைப்படுகிறேன். முதலில் எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

மறுமொழி:
இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். கேமராவுடன் குதிப்பதற்கு முன் குறைந்தது 200 குதிப்புகளையும், அவற்றில் 50 குதிப்புகளையாவது படமெடுக்கும்போது அணியப்போகும் அதே பாராசூட்டிலும் முடித்திருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பாராசூட் சங்கம் பரிந்துரைக்கிறது. எதிரில் இருப்பவரின் வேகத்தோடு ஒட்டி விழத் தெரியாதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த கேமராவும் உதவாது. ஆகவே அந்தப் பணத்தைக் குதிப்பில் செலவிடுவதே சிக்கனம்.

இன்னொரு மறுமொழி:
வேளை வரும்போது, ஒருவர் பயன்படுத்திய சிறிய கோப்ரோ (GoPro) கேமரா போதும். காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் கேமராவைப் பொருத்தும் தலைக்கவசம்தான். கேமராத் தாங்கியில் பாராசூட்டின் கயிறு மாட்டிக்கொண்டால், ஒரே இழுப்பில் கவசத்தைக் கழற்றிவிடும் அமைப்பு அதில் இருக்க வேண்டும். இரு கைகளில் எதனாலும் அதை இழுக்கத் தரையிலேயே பழகுங்கள். வாங்குமுன் தாங்கியின் விளிம்பைச் சுற்றி ஒரு நூலை இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் கயிறும் சிக்கும்.

மூன்றாம் மறுமொழி:
கனமான கேமரா பிறகு வரட்டும்; பாராசூட் விரியும் அதிர்ச்சியை அந்தக் கனத்தோடு சேர்த்துக் கழுத்துதான் தாங்குகிறது. பதிவாகிறதா என்ற கவலையில் உயரத்தை மறப்பவர்கள் உண்டு (அனுபவசாலிகளும் விதிவிலக்கல்ல). குறித்த உயரம் வந்ததும் காதருகே ஒலிக்கும் உயரமானியைக் கேமராவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.